சிறார் தொண்டை நோயைக் கண்டறிதல்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விப் பணி ஆற்றிவரும் கழகத்தின் விழாவில், உரிமையைப் பற்றியும் உயர்கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேச வல்லவர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு ஒதுக்கப்பட்டது உடல்நலம். அதிலும் நான் எடுத்துக்கொண்டிருப்பது குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலி. இதுவும் ஒரு பொருளா என்று எண்ணுவோர் இருக்கலாம். தொண்டை வலி வராத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? உப்பு நீரில் கொப்பளித்து, மிளகும் மஞ்சளும் இட்ட பாலைக் குடித்தால் நான்காம் நாள் தானே போய்விடுகிறதே என்பீர்கள். போய்விடுகிறது என்பது மெய்தான். ஆனால், வகையொன்று உண்டு. அதில் வலி போன பிறகே தீங்கு தொடங்குகிறது. அந்த வகையை மற்றவற்றிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது, அவ்வாறு பிரித்தறியப்படும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு ஏன் குறைவாகக் கிட்டுகிறது என்னும் இரண்டையும் பற்றியே பேச விழைகிறேன்.

அந்த வகையை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. நுண்ணோக்கியின் கீழ் மணி கோத்த சரம்போலத் தோன்றும். இவ்வினத்தைப் பிரிவு பிரிவாக வகுத்துக் காட்டியவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்னும் அமெரிக்க அம்மையார், ஆண்டு 1933. அவர் வகுத்தவற்றுள் 'ஏ' பிரிவே நம் பகைவன். இது தொண்டையில் குடிகொண்டவுடன் உடல் அதனை எதிர்க்கப் படைக்கலம் செய்கிறது. சில பிள்ளைகளின் உடலில் அந்தப் படைக்கலம் கிருமியோடு நில்லாமல், கிருமியின் சாயல் சிறிது உடைய தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்குகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் காய்ச்சல் மீண்டும் வரும். முழங்கால் வீங்கும், அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. இதுவே ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக் காய்ச்சல். மூட்டுக்கு வந்த வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும். இதயத்தின் வால்வுக்கு வந்த சேதமோ பலருக்கு மறைவதில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை நோய் திரும்பத் தாக்க, வால்வு மேலும் தடித்துச் சுருங்குகிறது. எட்டு வயதில் நேர்ந்தது இருபது வயதில் மாடிப்படி ஏறுகையில் மூச்சிரைப்பாக வெளிப்படும். பெண்களிடம் பலமுறை முதற்பேறு காலத்தில், பிரசவ அறையில் வெளிப்படும்.

இந்நோய் எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே அளவில் தட்டுவதில்லை. ஓர் அறையில் அறுவர் படுத்துறங்கும் வீடு, பாயும் பாயும் உரசிக் கிடக்கும் விடுதிக் கூடம், காற்று நுழையாத கூரை ஆகிய இடங்களில் ஒரு பிள்ளையின் தொண்டையிலிருந்து மறு பிள்ளையின் தொண்டைக்குக் கிருமி தாவுகிறது. மேலை நாடுகளில் பெனிசிலின் மருந்து புழக்கத்திற்கு வரும் முன்பே, வீடுகள் விசாலமாகத் தொடங்கிய காலத்திலேயே இந்நோய் குறையத் தொடங்கிவிட்டது. ஆதலால் இதனை வறுமையின் நோய் என்பதைவிட நெருக்கடியான குடியிருப்பின் நோய் என்பதே பொருத்தம். நெருக்கடியான குடியிருப்பு யாருக்கு, ஏன் வாய்த்தது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்தில் நிலைமை முன்னைவிட நன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலூர்ப் பகுதியில் 2001-2002 ஆம் ஆண்டுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஆயிரத்திற்கு ஒருவருக்கும் குறைவாகவே (0.68) வாதக் காய்ச்சலால் நேர்ந்த இதய நோய் காணப்பட்டது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க இயலாது. அரியானாவின் வல்லப்கர் பகுதியில் நடந்து 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், காதுக்குழல் வைத்துக் கேட்டபோது ஆயிரத்திற்கு ஒருவருக்கும் குறைவாகவே கிடைத்த நோய், எக்கோ கருவி கொண்டு பார்த்தபோது ஆயிரத்திற்கு இருபது பேருக்கு மேல் இருக்கக் கண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியாத பிள்ளைகள்.

இனித் தொண்டைக்கு வருவோம். தொண்டை வலியோடு மருத்துவரிடம் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இக்கிருமி இருப்பதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, தொண்டை வலியோடு வந்த சிறார் நூற்றுவரில் ஏறத்தாழ 37 பேரிடமே இக்கிருமி காணப்பட்டது. ஏனையோருக்கு வந்தது பெரும்பாலும் வைரஸ். வைரஸ் தானே வந்து தானே போகும். அதற்குப் பெனிசிலினும் வேண்டா, வேறு எந்தக் கிருமிக்கொல்லி மருந்தும் வேண்டா. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவத்தல், வாயில் சிறு சிறு புண்கள், வயிற்றுப்போக்கு இவற்றுள் சில தொண்டை வலியோடு சேர்ந்து வருமாயின், அது வைரஸ் என்றே கொள்ளலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வருகிற விதம் வேறு. காலையில் ஓடியாடிய பிள்ளை மாலையில் திடீரெனக் காய்ச்சலில் விழும், எச்சில் விழுங்கவே நோகும், தலை வலிக்கும், சில பிள்ளைகள் வயிற்று வலி என்று அழும், வாந்தி எடுக்கும், இருமல் மட்டும் இராது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் இது மிகுதி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிது.

பார்ப்பது எப்படி? தாயின் மடியில் பிள்ளையை வெளிச்சத்தை நோக்கி உட்கார வைத்து, ஒரு கையால் நெற்றியைத் தாங்கி, நாக்கின் முன்பகுதியைத் தட்டைக் குச்சியாலோ கரண்டிக் காம்பாலோ மெல்ல அழுத்தி, டார்ச்சு விளக்கால் உள்ளே நோக்க வேண்டும். உள்நாக்கின் இருபுறமும் இருக்கும் டான்சில் என்னும் தொண்டைச் சதை சிவந்து பருத்திருக்கிறதா, அதன் மேல் வெண்ணிறமாகவோ மஞ்சளாகவோ சீழ்ப் புள்ளிகள் உண்டா, அண்ணத்தில் குண்டூசி முனையளவில் செம்புள்ளிகள் உண்டா என்று காண வேண்டும். பிறகு கழுத்து. தாடையின் கோணத்திற்குக் கீழே, கழுத்தின் முன்புறத்தில் விரல்களை வைத்து மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். நம் தாய்மார் 'நெறி கட்டியிருக்கிறது' என்பார்களே, அதுதான் இங்கே தேடப்படுவது. நெறி கட்டியிருப்பது மட்டும் போதாது. தொட்டால் நோக வேண்டும். நோகிறதா என்பதைப் பிள்ளையின் வாயைவிட அதன் முகம் உடனே சொல்லிவிடும்.

அடுத்து, தோல். சில பிள்ளைகளுக்கு இக்கிருமி உடல் முழுதும் நுண்ணிய தடிப்பை எழுப்பும். பாடநூல்கள் இதனைச் செந்நிறத் தடிப்பு என்று வருணிக்கின்றன. அந்நூல்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. நம் பிள்ளைகளின் கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். ஆனால் மார்பிலும் வயிற்றிலும் உள்ளங்கையை வைத்துத் தடவினால் உப்புத்தாளைத் தடவுவது போன்ற சொரசொரப்பு தட்டுப்படும். கண்ணுக்குப் புலப்படாததைக் கை அறிந்து சொல்லும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. பிள்ளை எச்சில் விழுங்க மாட்டாமல் வாயிலிருந்து ஒழுகவிட்டு, முன்புறம் சாய்ந்து, ஓசையோடு மூச்சு வாங்குமானால், எவரும் வாயைத் திறந்து குச்சியை நுழைக்கலாகாது. உடனே பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போல் ஒட்டிக்கொண்டு, துடைத்தால் குருதி கசியும் படலம் இருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கக்கூடும். அதுவும் அவசர நோய். தடுப்பூசி முறையாகப் போடாத பிள்ளைகளிடம் இன்றும் நம் நாட்டில் அது தலைகாட்டுகிறது.

மேலே சொன்ன சோதனையில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மேசைக்கு அப்பால் அமர்ந்து செய்யக் கூடியது இதில் ஏதுமில்லை. மருத்துவரின் முகம் பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் வர வேண்டும். விரல் கழுத்தில் பதிய வேண்டும். உள்ளங்கை மார்பில் படிய வேண்டும். தொட அஞ்சும் மருத்துவர் இந்நோயைக் காண முடியாது. நான் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டா. குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களின் சிற்றூர்களில் தலித் சிறார் மருத்துவ உதவி பெறும் விதத்தைச் சங்கமித்ரா ஆச்சார்யா ஆராய்ந்தார். இந்தியத் தலித் ஆய்வு நிறுவனம் அதனை 2010 ஆம் ஆண்டில் வெளியிட்டது. மருந்து வழங்குகையிலும், சோதனை செய்கையிலும் அப்பிள்ளைகளைத் தொடாமல் தவிர்க்கும் வழக்கம் நிலவுவதை அவ்வாய்வு பதிவு செய்திருக்கிறது. நம் பக்கத்தில் அது அத்துணை வெளிப்படையாக இராது. 'கூட்டம் அதிகம்', 'நேரமில்லை' என்னும் சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளும். கூட்டம் அதிகம் என்பதும் பொய்யன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலை வேளையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரின் நிலையை நான் அறிவேன். ஆயினும் அதே கூட்டத்தில் யாருடைய பிள்ளைக்கு வாய் திறந்து பார்க்கப்படுகிறது, யாருடைய பிள்ளைக்குத் தலை நிமிராமல் சீட்டு எழுதப்படுகிறது என்பதை வரிசையில் நிற்கும் தாய் நன்கு அறிவாள். கழுத்தில் தேனும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவி அழைத்து வந்த தாயைக் கடிந்துகொள்ள நேரம் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் நேரம் இருப்பதில்லை.

சித்த மருத்துவம் பயின்று தொழில் புரிந்த பண்டிதர் அயோத்திதாசர் தோன்றிய சமுதாயம் இது. நாடி பார்க்கும் மருத்துவத்தில் நோயாளியின் கையைப் பிடிக்காமல் தொடக்கமே இல்லை. ஆகவே, 'ஐயா, பிள்ளையின் தொண்டையைப் பாருங்கள். கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்' என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. கேளுங்கள்.

அவ்வாறு நன்றாகப் பார்த்துவிட்டால் முடிந்ததா? இல்லை. இது பலரும் அறியாத செய்தி. மருத்துவர்களிலும் சிலர் ஏற்கத் தயங்கும் செய்தி. எத்துணை தேர்ந்த கண்ணாயினும், பார்வையால் மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை உறுதி செய்ய இயலாது. சீழ்ப் புள்ளிகள் வைரஸ் நோயிலும் வரும். இக்கிருமி இருந்தும் சீழே தோன்றாத தொண்டையும் உண்டு. 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ராபர்ட் சென்டர் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் வளர்ந்தோர் 286 பேரை ஆராய்ந்து, நான்கு அடையாளங்களை வகுத்தனர்: காய்ச்சல், இருமல் இன்மை, கழுத்தின் முன்புறத்தில் நோகும் நெறி, டான்சில் மேல் சீழ். 1998 ஆம் ஆண்டில் கனடாவின் மக்ஐசக் அதனோடு வயதைச் சேர்த்தார். மூன்று முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவராயின் ஒரு மதிப்பெண் கூடும். இந்த மதிப்பெண் முறை உலகெங்கும் பயன்படுகிறது. நன்று. ஆனால் நான்கோ அதற்கு மேலோ மதிப்பெண் பெற்றவர்களில் கூட நூற்றுக்கு 51 முதல் 53 பேரிடமே கிருமி இருந்தது. அதாவது, அடையாளங்கள் யாவும் பொருந்தியிருந்தும் இருவரில் ஒருவருக்கு நோய் அது அன்று. இம்முறையின் உண்மையான பயன் மறு முனையில் இருக்கிறது. மதிப்பெண் ஒன்றோ அதற்குக் கீழோ என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இக்கிருமி இல்லை. அவர்களுக்கு மருந்தும் வேண்டா, சோதனையும் வேண்டா என்று துணியலாம்.

ஏழை நாடுகளுக்கென்று எளிய விதி ஒன்றை உலக சுகாதார நிறுவனம் முன்பு வகுத்திருந்தது. தொண்டையில் சீழும் கழுத்தில் நோகும் நெறியும் இரண்டும் இருந்தால் மட்டுமே மருந்து என்பது அவ்விதி. எகிப்தின் கெய்ரோ நகரச் சிறாரிடம் இதனைச் சோதித்து 1997 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிருமியுள்ள நூறு பிள்ளைகளில் 12 பேரையே அவ்விதி பிடித்தது. 88 பேரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியது. சீழ் அல்லது நெறி இரண்டில் ஒன்றிருந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தியபோது 84 பேர் அகப்பட்டனர். ஆனால் நோயற்ற பலரும் கூடவே அகப்பட்டனர். சோதனைக்கு வழியில்லாதவர்களுக்கு விதி போதும் என்று மேலிடத்தில் முடிவு செய்யப்படும்போதெல்லாம் இந்த 12 என்னும் எண்ணை நாம் நினைவில் கொள்வது நல்லது.

எனவே சோதனை வேண்டும். அது இருவகை. முதலாவது, தொண்டைச் சளியை வளர்த்துப் பார்ப்பது. நீண்ட குச்சியின் நுனியில் சுற்றிய பஞ்சால் இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் அழுந்தத் தடவி எடுக்க வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் பட்ட பஞ்சு பயன்படாது. பிள்ளை குமட்டும், குமட்டவில்லையென்றால் சரியாக எடுக்கவில்லை என்றே பல சமயம் பொருள். அதனைச் செம்மறியாட்டுக் குருதி கலந்த ஊட்டத் தட்டில் இட்டு ஒரு நாள் வெப்பப் பெட்டியில் வைத்தால், இக்கிருமி வளர்ந்த இடத்தைச் சுற்றிக் குருதி கரைந்து தெளிந்த வளையம் தோன்றும். ஒன்று அல்லது இரண்டு நாள் பிடிக்கும். இரண்டாவது, கிருமியின் புறப்பொருளை நேரே கண்டுபிடிக்கும் விரைவுச் சோதனை. பத்து நிமிடத்தில் அட்டையில் கோடு விழும். 2016 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வுப்படி, கிருமியுள்ள நூறு சிறாரில் ஏறத்தாழ 86 பேரை இது கண்டுபிடிக்கும்; கிருமியற்ற நூறு பேரில் ஏறத்தாழ 95 பேரை இல்லையென்று சரியாகச் சொல்லும். கோடு விழாத பிள்ளைக்கு ஐயமிருந்தால் வளர்ப்புச் சோதனையும் செய்வது முறை.

தாமதமாகிவிடுமே என்று அஞ்ச வேண்டா. நோய் தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கினாலும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஆகையால் இரண்டு நாள் காத்திருந்து முடிவறிந்து மருந்து கொடுப்பதில் தீங்கில்லை. பிள்ளை திரும்பி வரும் என்னும் உறுதி மட்டும் வேண்டும். கூலிக்குப் போகும் தாய் இரண்டாம் முறை வேலையை விட்டு வர இயலாதென்றால், அந்தக் கணக்கையும் மருத்துவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நோயே இல்லாத பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 12 பேர் அளவில் இக்கிருமியைத் தொண்டையில் சும்மா சுமந்து திரிகின்றனர். அவர்களால் தீங்கு குறைவு. ஆகவே இருமலும் சளியுமாக வந்த பிள்ளையிடமும், தொண்டை வலியே இல்லாத பிள்ளையிடமும் சோதனை செய்வது தேவையற்ற குழப்பத்திற்கே வழிகோலும். முதலில் பார்த்து, தொட்டு, ஐயம் எழுந்தபின் சோதனை என்பதே வரிசை.

இந்த இடத்தில் நம் நாட்டில் பரவலாக நடக்கும் முறைகேடு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது குருதியில் பார்க்கும் ஏ.எஸ்.ஓ. சோதனை. கால் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளைக்கும், அடிக்கடி தொண்டை வலி வரும் பிள்ளைக்கும் இச்சோதனையை எழுதித் தருகின்றனர். முடிவுச் சீட்டில் 200 என்னும் வரம்பைத் தாண்டிய எண் அச்சாகி வருகிறது. உடனே 'வாதக் காய்ச்சல்' என்று முத்திரை குத்தி, மூன்று வாரத்திற்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி என்று ஆண்டுக்கணக்கில் போடத் தொடங்குகின்றனர். இச்சோதனை சொல்வது யாது? பிள்ளையின் உடல் எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சந்தித்தது என்பதை மட்டுமே. நெருக்கமான குடியிருப்பில் வாழும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நலமாயிருப்போர் பலருக்கும் அந்த எண் 200-க்கு மேல் இருக்கும். மேலும், தொற்று நேர்ந்து மூன்று முதல் ஆறு வாரங்களிலேயே அது உச்சத்தை அடைகிறது. இன்றைக்கு வந்த தொண்டை வலிக்குக் காரணம் எது என்பதை அதனால் சொல்லவே முடியாது. வாதக் காய்ச்சல் என்னும் முடிவுக்கு வர, டக்கெட் ஜோன்ஸ் 1944 ஆம் ஆண்டில் வகுத்து, 2015 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அடையாளங்கள் உள்ளன. இதயத்தை எக்கோ கருவியால் பார்ப்பதும் உண்டு. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு இதய நோயாளி என்னும் பெயரைச் சூட்டலாகாது. அப்பெயர் பெற்ற சிறுமியை விளையாட்டிலிருந்து விலக்குவார்கள். பிறகு திருமணப் பேச்சிலும் அது வந்து நிற்கும். தேவையான பிள்ளைக்கு ஊசி கிடைக்காமலும், தேவையற்ற பிள்ளைக்கு ஓயாமல் கிடைத்தும் வருவதே இன்றைய நிலை.

மருத்துவம் எளிது, இங்கு நீட்ட வேண்டியதில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டும் பெனிசிலினுக்கு இக்கிருமி இன்னும் அடங்கியே நடக்கிறது. வாய்வழியாகப் பெனிசிலினோ அமாக்சிசிலினோ பத்து நாள் முழுதும் தர வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கியதும் மீதி மாத்திரையைப் பரணில் வைத்துவிடுகிறோம். கடையில் இரண்டு வேளைக்கு மட்டும் வெட்டி வாங்கி வருவதும் உண்டு. அது காசைக் கரைத்து, கிருமியை மிச்சம் வைப்பது. பத்து நாள் இயலாதென்றால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும்: 27 கிலோ எடைக்குக் குறைந்த பிள்ளைக்கு 6 இலட்சம் அலகு, அதற்கு மேற்பட்டால் 12 இலட்சம் அலகு. ஒவ்வாமை உண்டா என்று முன்னரே கேட்டு, அவசர மருந்து கைவசம் உள்ள இடத்தில் போட வேண்டும். மூன்று நாள் மாத்திரை என்று இப்போது பெருவழக்காகிவிட்ட அசித்ரோமைசின் பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு உரியது. அதற்கு மசியாத கிருமிகள் பெருகி வருகின்றன.

சோதனை வசதி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைப்பதன்று. அது வரும்வரை என் செய்வது? நடு அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டில் 1970-களில் வளர்ப்புச் சோதனைக்குக் காத்திராமல், கண்டு ஐயுற்றவுடனே ஓர் ஊசி பெனிசிலின் போடுமாறு ஆரம்ப நிலை மருத்துவர்களைப் பணித்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கு வாதக் காய்ச்சல் பெரிதும் அருகிப்போயிற்று. வாழ்க்கை நிலை உயர்ந்ததற்கும் அதில் பங்குண்டு. இந்நோய் மிகுந்த இடத்தில், சோதனைக்கு வழியில்லாதபோது, இருமலும் மூக்கொழுகலும் இன்றிக் காய்ச்சலும் சீழும் நோகும் நெறியும் உள்ள பள்ளி வயதுப் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிடுவதே தக்கது என்பது என் கருத்து. சிலருக்கு வீணாகப் போகும், போகட்டும். ஆனால் இது இடைக்கால ஏற்பாடேயன்றி நம் பிள்ளைகளுக்கு இதுவே போதும் என்று எவரும் சொல்ல நாம் இடங்கொடுக்கலாகாது.

நியூசிலாந்தில் வெள்ளையர் குழந்தைகளிடம் மிக அருகிவிட்ட வாதக் காய்ச்சல், மாவோரி மக்களின் பிள்ளைகளிடமும் பசிபிக் தீவினரின் பிள்ளைகளிடமும் நீடித்தது. 2011 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு தொடங்கிய திட்டத்தில், நோய் மிகுந்த பகுதிகளின் பள்ளிகளுக்கே செவிலியரும் அச்சமூகத்தைச் சேர்ந்த பணியாளரும் சென்றனர். தொண்டை வலிக்கிறது என்று கைதூக்கிய பிள்ளையிடம் பஞ்சுச் சோதனை எடுத்து, கிருமி இருந்தால் அங்கேயே மருந்தும் தந்தனர். எல்லா இடத்திலும் ஒரே அளவில் வெற்றி கிட்டவில்லை. ஆக்லாந்து நகரின் தென்பகுதியில் நோய் நன்கு குறைந்தது. வீடுகளின் நெருக்கடியைக் குறைப்பதையும் அத்திட்டத்தோடு இணைத்தனர். நம் நாட்டிலும் 2013 ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு ஆண்டுக்கொருமுறை வர வேண்டும். அக்குழு தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயும் இருக்கிறது. அக்குழு வரும் நாளில் ஒரு பிள்ளையும் விடுபடாமல் மார்பில் காதுக்குழல் வைக்கப்படுகிறதா என்று பார்ப்பது தலைமையாசிரியரின் கடன்.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. வாதக் காய்ச்சல் சில பிள்ளைகளின், குறிப்பாகச் சிறுமியரின், மூளையைத் தொட்டு, தொண்டை நோய்க்குச் சில மாதங்கள் கழித்தும் வெளிப்படும். கைகால்கள் தாமே துள்ளும், முகம் கோணும், பேனா நழுவும், முத்துப் போன்ற கையெழுத்து ஒரு மாதத்தில் கிறுக்கலாகும், காரணமின்றி அழுகை வரும். கொரியா என்பது அதன் பெயர். வகுப்பில் இதனைக் குறும்பு என்றும் திமிர் என்றும் கொண்டு அடித்துவிடுகிறார்கள். கையெழுத்து திடீரெனக் கெட்ட பிள்ளையைத் தண்டிக்கும் முன் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்நோயை மருத்துவருக்கு முன்னே காணும் வாய்ப்பு உங்களுக்கே உண்டு.

விடுதிக் காப்பாளர்களுக்கு: காய்ச்சல்மானி ஒன்றும், நல்ல டார்ச்சு விளக்கு ஒன்றும், குறிப்பேடு ஒன்றும் போதும். தொண்டை வலி என்ற பிள்ளையின் பெயர், நாள், காய்ச்சல் அளவு, இருமல் உண்டா இல்லையா என்பவற்றை எழுதுங்கள். காய்ச்சல் 100.4 பாகைக்கு மேலிருந்து, இருமல் இல்லையென்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து தொடங்கி ஒரு நாள் முழுதும் ஆகும்வரை அப்பிள்ளையின் பாய் தனியே இருக்கட்டும். தம்ளரும் தனியே இருக்கட்டும். ஒதுக்கி வைப்பதாகப் பிள்ளை வருந்தாதபடி காரணத்தைச் சொல்லுங்கள். தம்ளரைத் தனியே வைப்பது என்பது நம்மிடையே வெறும் சுகாதாரச் சொல் அன்று. பத்து நாள் மாத்திரையை நாள்தோறும் உங்கள் கண்முன் விழுங்கச் செய்து, ஏட்டில் கோடிட்டு வாருங்கள். மூட்டு வலியோ, மூச்சிரைப்போ, முக வீக்கமோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதோ தோன்றுகிறதா என்று அடுத்து மூன்று வாரமும் கவனியுங்கள். இறுதியாகச் சொன்னது சிறுநீரகத்தைப் பற்றியது. சொறி சிரங்கிலிருந்தும் அது வரும். ஆகவே சிரங்கையும் அந்த ஏட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

டார்ச்சு விளக்கும் தட்டைக் குச்சிகளும் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பக்கத்து அறையில் இருப்பேன். பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களும் காப்பாளர்களும் அங்கு வந்தால், தொண்டையைப் பார்ப்பதையும் நெறி தொட்டுப் பார்ப்பதையும் செய்து காட்டுகிறேன்.